ஒரு பதிப்பகம் நேர்மையானதா என்று எதைப் பார்த்துச் சொல்வது?

கேள்வி இதுதான்: முதல் நாவல் முடிந்துவிட்டது, 240 பக்கம் வரும். மூன்று பதிப்பகங்கள் ஆர்வம் காட்டுகின்றன. ஒன்று பணம் கேட்கிறது. இன்னொன்று, 'ஒப்பந்தமெல்லாம் எதற்கு, நமக்குள் நம்பிக்கைதானே' என்கிறது. மூன்றாவது நான்கு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது, பாதி புரியவில்லை. மூன்றுமே தங்களை அறம் சார்ந்த பதிப்பகம் என்றுதான் சொல்லிக்கொள்கின்றன. எதை வைத்து முடிவெடுப்பது?

பதிப்புத் தொழிலில் எழுத்தாளர் கண்ணால் பார்க்கவே முடியாத ஓர் எண் இருக்கிறது. எத்தனை படி அச்சானது என்பதுதான் அது. ராயல்டி, 'மூன்றாம் பதிப்பு' என்ற அட்டைப் பெருமை, கையிருப்பு, மறு அச்சு எல்லாமே அந்த எண்ணிலிருந்து பிறப்பவை. அதை அறிந்தவர் பதிப்பாளரும் அச்சகக்காரரும் பைண்டரும் மட்டுமே. எனவே ஒரு பதிப்பகத்தின் விழுமியங்களை அதன் இணையதளத்தின் 'எங்களைப் பற்றி' பக்கத்தில் தேடிப் பயனில்லை. ஒப்பந்தம், புத்தகத்தின் இம்பிரிண்ட் பக்கம் (தலைப்புப் பக்கத்தின் பின்புறம்), ஆண்டுக் கணக்கறிக்கை ஆகிய மூன்று காகிதங்களில் தேட வேண்டும். பொய் சொல்ல நினைப்பவருக்கு எழுத்தில் சொல்வது சங்கடம். அதனால்தான் 'நம்பிக்கைதானே' என்று சொல்பவரிடம் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

ஒப்பந்தம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 19ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், உரிமையாளரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்த நூல், எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, ராயல்டி எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும். பதிப்பாளர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, அது தானாகவே காலாவதியாகிவிடும். 'வேறுவிதமாக' என்ற அந்த இடத்தைத்தான் சில ஒப்பந்தங்கள் பிடித்துக்கொள்கின்றன. 'பதிப்பாளர் தமக்கு வசதியான காலத்தில் வெளியிடலாம்' என்று ஒரு வரி இருந்தால், உங்கள் நாவல் பத்து ஆண்டு மேசை டிராயரில் தூங்கினாலும் கேட்பது கடினம். கையெழுத்தானதிலிருந்து 12 மாதத்துக்குள் வெளிவர வேண்டும், இல்லையேல் உரிமை திரும்பும் என்று மாற்றச் சொல்லுங்கள்.

உரிமையை மாற்றித் தருவதும் உரிமம் தருவதும் வேறு வேறு. மாற்றித் தந்தால் அந்தக் காலத்துக்கு அந்த உரிமை பதிப்பாளருடையது. உரிமம் என்றால் உரிமை உங்களிடமே இருக்கும், பயன்படுத்தும் அனுமதி மட்டும் அவருக்கு. முதல் நாவலுக்கு நியாயமான ஏற்பாடு: தமிழில் அச்சு நூலாக வெளியிட மட்டும் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு உரிமம். மின்னூலையும் ஒலிநூலையும் தனித்தனிப் பத்தியில், தனித்தனி விழுக்காட்டில் பேசிக்கொள்ளலாம். 'இன்று உள்ள, இனி வரவிருக்கும் அனைத்து வடிவங்களிலும்' என்ற சொற்றொடரைக் கண்டால் பேனாவை மூடி வையுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, கையெழுத்திட்ட காலத்தில் வணிகப் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு உரிமை போகாது, ஒப்பந்தம் அந்த ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் தவிர. ஆனால் மின்னூலும் ஒலிநூலும் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பவை. அவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு உதவாது.

மொழிபெயர்ப்பு, திரைப்படம், வெப் தொடர் உரிமைகளைப் பதிப்பகம் கேட்டால், விற்றுத் தர அவர்களிடம் என்ன வழி இருக்கிறது என்று கேளுங்கள். ஃபிராங்க்பர்ட் புத்தகக் கண்காட்சியிலோ, 2023 முதல் தமிழ்நாடு அரசு நடத்தும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியிலோ உரிமை விற்ற அனுபவம் உள்ள பதிப்பகம் என்றால், வரும் தொகையில் பங்கு கொடுத்து ஒப்படைப்பது புத்திசாலித்தனம். அப்படி எதுவும் இல்லாமல் 'இருக்கட்டுமே' என்று கேட்பவருக்குத் தர வேண்டியதில்லை.

ராயல்டி பத்தியில் ஒரு சொல்தான் முக்கியம். பத்து விழுக்காடு என்பது தமிழில் நெடுங்கால வழக்கம். எதில் பத்து விழுக்காடு? அட்டை விலையிலா, பதிப்பகத்துக்கு வந்து சேரும் தொகையிலா? ₹300 விலையுள்ள நூலுக்கு அட்டை விலையில் என்றால் படிக்கு ₹30. கடைக்கு 35 விழுக்காடு கழிவு போனால் பதிப்பாளர் கைக்கு வருவது ₹195, அதில் பத்து என்றால் ₹19.50. மொத்த விநியோகஸ்தருக்கு 50 விழுக்காடு கழிவில் போன படியில் ₹15. இரண்டில் எதுவும் மோசடி அல்ல. வரும் தொகையில் கணக்கிடும் பதிப்பகம், அதற்கு ஈடாக விழுக்காட்டை உயர்த்தித் தந்தால் அது நேர்மையான பேரம். வாயால் 'பத்து பர்சென்ட்' என்று சொல்லிவிட்டுக் காகிதத்தில் 'நிகர வரவில்' என்று நுழைப்பதுதான் கோளாறு.

அச்சான படிகளின் எண்ணிக்கை

ஒருகாலத்தில் 1200 படி என்பது தமிழில் ஒரு பதிப்பின் வழக்கமான அளவு. இப்போது 300 அடிக்கிறார்கள், பல நூல்களுக்கு அதுவும் இல்லை. பிஓடி (பிரிண்ட் ஆன் டிமாண்ட்) முறையில் தேவைக்கேற்ப இருபது, முப்பதாக அச்சிட்டுக்கொள்கிறார்கள். முதலீடு முடங்காது, குடோன் வாடகை மிச்சம். சிறு பதிப்பகங்கள் பிழைத்திருப்பதே இதனால்தான். ஆனால் எழுத்தாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கடைசித் தடயமும் இதில் மறைந்துவிட்டது.

மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட் முறையில் தடயம் இருந்தது. டெமி அளவு (சுமார் 5.5×8.5 அங்குலம்) நூலில் 16 பக்கம் ஒரு பாரம். 23×36 அங்குலத் தாளை இரண்டாக வெட்டினால் ஒரு பாதியில் ஒரு பாரம் அடங்கும். ஒரு ரீமில் 500 தாள், ஆக ஆயிரம் பாதி. எனவே ஆயிரம் படிக்கு ஒரு பாரத்துக்கு ஒரு ரீம் என்பது அச்சகங்களின் மனக்கணக்கு. உங்கள் 240 பக்க நாவல் 15 பாரம். ஆயிரம் படிக்கு 15 ரீமும் சேதாரத்துக்குக் கொஞ்சமும் வேண்டும். 300 படிக்கு நாலரை ரீம். தாள் பில்லில் பத்து ரீம் இருந்து, கணக்கறிக்கையில் 300 படி என்று இருந்தால் கேள்வி கேட்கலாம். பில்லை எழுத்தாளருக்கு யார் காட்டுவார்கள் என்றால், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் காட்டித்தான் ஆக வேண்டும். 'ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்புடன், எழுத்தாளரோ அவருடைய கணக்காளரோ இந்நூல் தொடர்பான அச்சு, பைண்டிங் ரசீதுகளைப் பார்வையிடலாம்' என்ற ஒரே வரி போதும். பெரும்பாலும் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஆனாலும் அந்த வரியை மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறாரா என்பதே பாதிப் பதில்.

பிஓடி என்றால் வேறு ஏற்பாடு: ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் தேதியும் எண்ணிக்கையும் மின்னஞ்சலில் ஒரு வரியாக வர வேண்டும். கிண்டில் மின்னூல் என்றால் கணக்கு பதிப்பகத்தின் பெயரில் இருக்கும், விற்பனை எண்ணிக்கை காட்டும் பக்கம் அவர்களுக்கு மட்டுமே தெரியும். மாத அறிக்கையை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள்.

கணக்கறிக்கை எப்படி இருக்க வேண்டும்? 'விற்பனை 181, ராயல்டி ₹5,430' என்று மட்டும் வந்தால் அது வெறும் தகவல், கணக்கு அல்ல. அச்சானது 300. ஆசிரியர் படி 10, மதிப்புரைக்கு 15, சட்டப்படி நூலகங்களுக்கு 4, நேரடி விற்பனை 62, புத்தகக் காட்சியில் 48, கடைகள் வழியாக 71, சேதம் 5. ஆக மொத்தம் போனது 215. மீதி 85 இருக்க வேண்டும். அதில் கடைகளில் விற்காமல் நிற்பது 39, குடோனில் 46. கூட்டினால் சரியாக வருகிறது. இப்படி எல்லாப் படிக்கும் இடம் சொல்லும் அறிக்கையில் பொய்யை ஒளிப்பது கடினம், ஏனென்றால் ஓர் எண்ணை மாற்றினால் அடுத்த ஆண்டு இன்னொன்று இடிக்கும். இதே விற்பனைக்கு நிகர வரவுக் கணக்கு என்றால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். நேரடியாகவும் காட்சியிலும் விற்ற 110 படிக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி போக ₹270 வீதம் ₹29,700. கடையில் விற்ற 71 படிக்கு ₹195 வீதம் ₹13,845. மொத்தம் ₹43,545, அதில் பத்து விழுக்காடு ₹4,354.50. ஒரு சொல்லுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். 'கடையெல்லாம் என் புத்தகம் இருக்கிறது, கணக்கில் காணோம்' என்ற புகாரில் பாதி, கடைப் பழக்கம் தெரியாததால் வருவது. பெரும்பாலான கடைகள் விற்ற பிறகு தரும் ஏற்பாட்டில்தான் எடுக்கின்றன. விற்று, கணக்கு முடித்து, பணம் வர ஆறு மாதம்கூட ஆகும். விற்காதவை மூலை மடங்கித் திரும்பி வரும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் பார்த்த கூட்டத்தை வைத்து மார்ச்சில் ராயல்டி எதிர்பார்ப்பது சரியல்ல. நேர்மையான பதிப்பாளரும் தாமதிப்பார். ஆனால் கேட்டால் காரணம் சொல்வார், எண்ணும் சொல்வார்.

நூலகக் கொள்முதல் தனிக் கதை. விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகச் சட்டம் முதலில் வந்தது இங்கே, அன்றைய சென்னை மாகாணத்தில்தான், 1948-இல். அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் நூலக ஆணை கிடைப்பதுதான் பல தமிழ்ப் பதிப்பகங்களுக்கு மூச்சு. அங்கே விலை அட்டை விலைப்படி அல்ல, பக்க அளவையும் பாரத்தையும் வைத்துக் கணக்கிடுவதே நெடுநாள் வழக்கமாக இருந்தது. அதனால் வந்த கேடுகள் புத்தகத்திலேயே தெரியும்: எழுத்தை ஊதிப் பெரிதாக்குவது, ஓரத்தில் தாராளமாக இடம் விடுவது, அத்தியாயத்துக்கு இடையே வெற்றுப் பக்கம். பத்துப் பாரத்தில் அடங்குவதைப் பதினான்காக இழுக்கலாம். முதல் பதிப்புகளையே விண்ணப்பத்துக்குக் கேட்டதால், பழைய நூலுக்குப் புதுத் தலைப்பும் புது அட்டையும் போட்டு 'முதல் பதிப்பு' ஆக்கும் வேலையும் நடந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் நூலகப் படிகளுக்கான ராயல்டியைத் தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். விழுக்காடு குறைவாக இருக்கலாம், தவறில்லை. பேசாமல் விடுவதுதான் தவறு.

பிரதிக்குச் செய்யும் நியாயம்

பணத்தைவிட இங்கேதான் பதிப்பாளரின் தரம் தெரியும். எழுத்தாளர்கள் இதை அவ்வளவாகக் கேட்பதில்லை என்பது வருத்தம்.

யூனிகோடில் வந்த கோப்பைப் பக்க வடிவமைப்புக்காகப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும் அச்சகங்கள் இன்னும் உண்டு. மாற்றத்தில் ஆய்த எழுத்து காணாமல் போகும், 'ஸ்ரீ' உடையும், கொம்பும் காலும் இடம் மாறும், மேற்கோள்குறி திசை திரும்பும். இவை கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரியாதவை ஆபத்தானவை. வலி மிகும் இடம் என்று நினைத்து யாரோ ஒருவர் 'தேடி மாற்று' கட்டளையை மொத்தக் கோப்புக்கும் கொடுத்துவிட்டால், சரியாக இருந்த நூறு இடங்களில் தேவையில்லாத ஒற்று முளைக்கும். கடைசி நேரத்தில் ஒரு பத்தியை வெட்டினால் அடிக்குறிப்பு எண்கள் ஒன்று தள்ளிப்போகும். எனவே மெய்ப்பு மூன்று சுற்று. முதலாவது மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, இரண்டாவது வடிவமைத்த பக்கத்தில், மூன்றாவது அச்சுக்குப் போகும் இறுதி பிடிஎஃப்பில். மூன்றாவதை எழுத்தாளர் பார்த்து 'அச்சுக்கு அனுப்பலாம்' என்று எழுத்தில் தர வேண்டும், அதற்குப் பிறகு யாரும் ஒரு புள்ளியையும் தொடக் கூடாது. அவசரமாகப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவரும் நூல்களில் இந்த மூன்றாவது சுற்றுதான் முதலில் பலியாகும். டிசம்பர் கடைசி வாரத்தில் கோப்பு கொடுத்து ஜனவரியில் புத்தகம் கேட்கும் எழுத்தாளருக்கும் இதில் பங்குண்டு.

எடிட்டிங் வேறு, திருத்தம் வேறு. வட்டார வழக்கைப் 'பொதுத் தமிழ்' ஆக்கிவிடும் கை நம்மிடம் நிறைய இருக்கிறது. ஈழத்து எழுத்தாளரின் கதையைத் தமிழகத்தில் அச்சிடும்போது 'கதைத்தான்' என்பது 'பேசினான்' ஆகும், 'றேடியோ' 'ரேடியோ' ஆகும், 'ரொறொன்ரோ' 'டொரண்டோ' ஆகும். ஒவ்வொன்றும் சின்ன மாற்றம்தான். நூறு சேர்ந்தால் கதை நடக்கும் ஊரே மாறிவிடும். நல்ல எடிட்டர் வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு பக்கத்தில் நடைக்குறிப்பு எழுதிக்கொள்வார்: எந்தச் சொல்லை எப்படி எழுதுவது, உரையாடலில் எதைத் தொடக் கூடாது, எண்களை எப்படிப் போடுவது. அதை எழுத்தாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்குவார். வெட்டல், சேர்த்தல் எல்லாம் மாற்றம் தெரியும்படி குறித்து வரும். சட்டமும் எழுத்தாளர் பக்கம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, உரிமையையே விற்றுவிட்ட பிறகும், நூல் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளவும், தம் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைப்பதைத் தடுக்கவும் ஆசிரியருக்கு உரிமை உண்டு.

உரிமைக்காலம் முடிந்த நூல்களில்தான் ஒரு பதிப்பகத்தின் மனசாட்சியைப் பார்க்கலாம், ஏனென்றால் கேட்க ஆளில்லை. ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை உரிமை. 1948-இல் மறைந்த புதுமைப்பித்தனின் எழுத்துகளுக்கு 2008-இன் முடிவோடு அந்தக் காலம் முடிந்தது, அதற்கு முன்பே 2002-இல் அரசு அவற்றை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. பாரதியின் படைப்புகளின் உரிமையை 1949-இல் அரசு பெற்று, பின்னர் பொதுவுடைமை ஆக்கியது, அவற்றையும் எவரும் அச்சிடலாம். கல்கியின் பொன்னியின் செல்வனை எத்தனையோ பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. இவற்றில் எந்த மூலத்தைப் பின்பற்றினோம் என்று ஒரு வரியாவது சொல்லும் பதிப்பு எது என்று தேடிப் பாருங்கள். பத்திரிகையில் தொடராக வந்த வடிவமா, ஆசிரியர் காலத்து நூல் வடிவமா, இணையத்தில் கிடைத்த கோப்பா? இணையக் கோப்பிலிருந்து எடுத்தால் அதன் தட்டச்சுப் பிழைகளும் கூடவே வரும், அந்தப் பிழையைப் பார்த்தே எங்கிருந்து எடுத்தார்கள் என்று சொல்லிவிடலாம். உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது எந்தெந்த ஏட்டுப் பிரதிகளைப் பார்த்தார், அவை யாரிடமிருந்து கிடைத்தன என்று முன்னால் எழுதியே தந்தார். பிரதி எங்கிருந்து வந்தது என்று வாசகருக்குக் கணக்குச் சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதல்ல.

மொழிபெயர்ப்பிலும் இதே சோதனை. ரஷ்ய நாவலோ ஸ்பானிய நாவலோ ஆங்கிலம் வழியாக வந்திருந்தால் அதைச் சொல்ல வேண்டும், எந்த ஆங்கில மொழிபெயர்ப்பு என்பதையும். அந்த ஆங்கில மொழிபெயர்ப்பாளருக்கும் தனிப் பதிப்புரிமை உண்டு. மூல ஆசிரியர் நூறாண்டுக்கு முன் மறைந்தவர் என்பதால் மட்டும் அது இலவசம் ஆகிவிடாது. இப்போது இயந்திர மொழிபெயர்ப்பை லேசாகச் சீவி நூலாக்கும் வேலையும் பெருகிவிட்டது. நடுவில் மூன்று இடங்களைத் திறந்து உரையாடல்களை மட்டும் படியுங்கள். ஒரே ஆளிடம் ஒரு வரியில் 'நீ', அடுத்த வரியில் 'நீங்கள்' என்று காரணமில்லாமல் மாறினால் மனிதர் யாரும் முழுதாகப் படிக்கவில்லை என்று பொருள்.

இம்பிரிண்ட் பக்கம்

பதிப்பகத்தின் பழைய நூல் நான்கைந்தை எடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். பதிப்புரிமை யார் பெயரில் இருக்கிறது? நாவலுக்குப் பதிப்பகத்தின் பெயரில் இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். முதல் பதிப்பு எந்த மாதம், எந்த ஆண்டு? முன்பு வேறு பதிப்பகத்தில் வந்திருந்தால் அது சொல்லப்பட்டிருக்கிறதா? அட்டை ஓவியருக்கும் புகைப்படக்காரருக்கும் பெயர் உண்டா? அச்சகத்தின் பெயர் இருக்கிறதா? மொழிபெயர்ப்பு என்றால், மூல உரிமையாளரின் அனுமதி வரி இருக்கிறதா?

பதிப்பும் மறு அச்சும் ஒன்றல்ல. உள்ளடக்கம் மாறினால் புதிய பதிப்பு, அப்படியே அடித்தால் மறு அச்சு. ஐம்பது ஐம்பதாக அடித்து 'எட்டாம் பதிப்பு' என்று அட்டையில் போடுவது விற்பனைத் தந்திரம். பக்கத்தில் எண்ணிக்கையும் சேர்த்துப் போட்டால் அந்தத் தந்திரம் அங்கேயே செத்துவிடும். அதனால்தான் போடுவதில்லை.

ஐஎஸ்பிஎன் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. அது பதிப்புரிமைச் சான்று அல்ல, தரச் சான்றும் அல்ல, வெறும் அடையாள எண். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழியாக இலவசமாகவே கிடைக்கிறது. 2007 முதல் 13 இலக்கம், இந்திய எண்கள் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். ஒற்றைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களை அப்படியேயும் இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றை மூன்றால் பெருக்கியும் கூட்டினால் பத்தின் மடங்கு வர வேண்டும். வராவிட்டால் எண் தவறு அல்லது போலி. சாதா அட்டை, கெட்டி அட்டை, மின்னூல் ஆகிய மூன்றுக்கும் மூன்று எண், மறு அச்சுக்குப் புது எண் வேண்டியதில்லை. 'ஐஎஸ்பிஎன் கட்டணம்' என்று எழுத்தாளரிடம் தனியே பணம் வாங்கும் பில்லைக் கண்டால் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு படியுங்கள்.

1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்கும் ஆளுக்கொரு படி பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும். மீறினால் அபராதம் ஐம்பது ரூபாய் வரையும் நூலின் விலையும்தான் என்பதால் பலர் கண்டுகொள்வதில்லை. தண்டனை இவ்வளவு சின்னதாக இருக்கும் ஒரு கடமையைத் தவறாமல் செய்கிறாரா என்பது நல்ல அளவுகோல். கன்னிமாரா நூலகப் பட்டியலில் அவர்களுடைய நூல்களைத் தேடிப் பாருங்கள்.

பணம் கேட்கும் பதிப்பகம்

எழுத்தாளர் செலவில் நூல் போடுவது குற்றமல்ல. குடும்ப வரலாறு, சிறு கவிதைத் தொகுப்பு, ஊர்ப் புராணம் போன்றவற்றுக்கு அதுவே சரியான வழி. அது அச்சுச் சேவை என்று சொல்லிச் செய்தால் நேர்மை. 'உங்கள் நாவல் தேர்வாகியிருக்கிறது' என்று பாராட்டிவிட்டுப் பணம் கேட்பதும், பணத்தையும் வாங்கிக்கொண்டு உரிமையையும் எடுத்துக்கொள்வதும்தான் ஏமாற்று. செலவு உங்களுடையது என்றால் அச்சான படிகள் அனைத்தும் உங்களுடையவை, பதிப்புரிமை உங்களுடையது, இறுதிக் கோப்புகளும் உங்கள் கைக்கு வர வேண்டும். மதிப்பீட்டில் தாள் எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), அட்டை எத்தனை, லேமினேஷன் என்ன வகை, பைண்டிங்கில் தையல் உண்டா இல்லையா என்று தனித்தனியாக இருக்கட்டும்.

தாளில் ஏமாற்றியிருந்தால் சமையலறைத் தராசிலேயே தெரியும். 5.5×8.5 அங்குலத்தில் 240 பக்கம் என்றால் 120 இதழ். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ என்ற அச்சுத் தாளில் உள்தாள் மட்டும் ஏறக்குறைய 253 கிராம், 60 ஜிஎஸ்எம்மில் 217 கிராம். 300 ஜிஎஸ்எம் அட்டைக்கு இன்னொரு 19 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். 272 கிராம் இருக்க வேண்டிய புத்தகம் 236 காட்டினால், 70-க்குப் பணம் வாங்கி 60-இல் அடித்திருக்கிறார்கள். ஐந்தாறு கிராம் முன்னே பின்னே இருப்பது சகஜம், முப்பத்தாறு கிராம் சகஜமல்ல.

எதிர்ப்பு வந்தால்

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காத இடத்தில் பொறுப்பேற்புப் பத்தி இருக்கும். 'இந்நூலால் எழும் அனைத்து வழக்குகளுக்கும் செலவுகளுக்கும் ஆசிரியரே பொறுப்பு' என்று அப்படியே ஏற்காதீர்கள். நூல் என் சொந்தப் படைப்பு, தெரிந்தே எவர் மீதும் அவதூறு இல்லை என்ற உறுதிமொழி நீங்கள் தர வேண்டியது. அதற்கு மேல் வரும் வழக்கைப் பதிப்பகமும் சேர்ந்து நடத்த வேண்டும், எழுத்தாளரின் ஒப்புதல் இல்லாமல் சமரசம் செய்யவோ நூலைத் திரும்பப் பெறவோ கூடாது.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2014 பிப்ரவரியில் பெங்குவின் இந்தியா, வெண்டி டோனிகர் எழுதிய இந்துக்கள் பற்றிய நூலைத் திரும்பப் பெற ஒரு வழக்கில் சமரசம் செய்துகொண்டது. தீர்ப்பு எதுவும் வந்திருக்கவில்லை. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த 'சமாதானப் பேச்சுவார்த்தை'யில் பெருமாள்முருகன் மாதொருபாகன் நாவலுக்காக மன்னிப்புக் கேட்கவும் விற்காத படிகளைத் திரும்பப் பெறவும் நேர்ந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்ன பிறகே நிலைமை மாறியது. இடைப்பட்ட காலத்தில் பதிப்பகம் எங்கே நிற்கும் என்பது சண்டை வந்த பிறகு தீர்மானிக்கும் விஷயமாக இருக்கக் கூடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எழுத்தாளர் ஒரே கையெழுத்துப் பிரதியை இரண்டு பதிப்பகத்துக்குக் கொடுத்து இரண்டிலும் முன்பணம் வாங்குவது, முகநூலில் பிறர் எழுதியதைச் சேர்த்துக்கொள்வது, முன்பே மின்னூலாக வெளியிட்டதை மறைப்பது, கவிதை வரியையோ திரைப்பாடலையோ அனுமதியின்றி அத்தியாயத் தலைப்பில் போடுவது, எல்லாம் நடக்கிறது. கோப்போடு ஒரு தாளில் 'முன்பு வெளியான பகுதிகள், பிறரிடமிருந்து எடுத்தாண்டவை, படங்களின் உரிமையாளர்கள்' என்று பட்டியல் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மூன்று பதிப்பகங்களுக்கு வந்தால், ஒப்பந்தம் அனுப்பியதோடுதான் பேச்சைத் தொடர்வேன். புரியாத ஒப்பந்தத்தைத் திருத்திக்கொள்ளலாம், இல்லாத ஒப்பந்தத்தைத் திருத்த முடியாது. 12 மாத வெளியீட்டுக் கெடு, அட்டை விலையில் ராயல்டி, படிகளின் முழுக் கணக்கு, ரசீது பார்வையிடும் வரி, சமரசத்துக்கு உங்கள் ஒப்புதல் ஆகிய ஐந்தைக் கேளுங்கள். நான்கு கிடைத்தால் கையெழுத்திடலாம். ரசீது வரியை மட்டும் மறுத்தால் நன்றாக யோசியுங்கள். 'நம்பிக்கைதானே' என்ற பதிப்பாளர் நல்ல நூல்கள் போட்டவராக இருந்தால், இதே ஐந்தையும் ஒரு பக்கக் கடிதமாக நீங்களே எழுதி அனுப்பி, அவர் கையெழுத்தை வாங்குங்கள். அவர் கையெழுத்திட்டால் அதுவும் ஒப்பந்தம்தான், ராயல்டியும் காலமும் உரிமையும் அதில் இருக்கும்வரை.

வெளியேறும் வழியையும் உள்ளே போகும்போதே எழுதிக்கொள்ளுங்கள். நூல் ஆறு மாதம் எங்கும் கிடைக்காமல் இருந்து, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி 60 நாளில் மறு அச்சு வராவிட்டால் உரிமம் முடிந்தது என்று ஒரு பத்தி. பிஓடி காலத்தில் 'எப்போதும் கிடைக்கும்' என்று சொல்லிவிட முடியும் என்பதால், ஆண்டு விற்பனை இத்தனை படிக்குக் கீழே போனால் என்று ஓர் எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு மீதிப் படிகளைக் கழிவு விலையில் வாங்கிக்கொள்ளும் முதல் வாய்ப்பு உங்களுக்கு, திருத்திய இறுதிக் கோப்பும் உங்களுக்கு. அட்டைப்படம் மட்டும் இதில் வராது. அதன் உரிமை பெரும்பாலும் ஓவியரிடம் இருக்கும், அடுத்த பதிப்பகத்துக்குப் போகும்போது அவரிடம் தனியாகக் கேட்டுத் தொகை பேசிக்கொள்ள வேண்டும்.